மாணவியரின் எந்திரனியல், செயல்முறை அறிவியல் பங்கேற்பு (தமிழ்நாடு)

மாணவியரின் எந்திரனியல், செயல்முறை அறிவியல் பங்கேற்பு என்பது, பள்ளிப் பருவத்துப் பெண்பிள்ளைகள் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் பாடநூலைப் படிப்பதோடு நில்லாமல், கருவிகளைக் கையாண்டு தாமே செய்து பார்க்கும் செயற்பாடுகளில் ஈடுபடுவதைக் குறிக்கும். அறிவியல் மன்றங்கள், நடமாடும் ஆய்வகங்கள், எந்திரன் வடிவமைப்புப் போட்டிகள், மாணவர் செயற்கைக்கோள் திட்டங்கள் முதலியன இதில் அடங்கும்.

தமிழ்நாட்டில் பள்ளித் தேர்வுகளில் மாணவியர் மாணவர்களை விடக் கூடுதலான தேர்ச்சி பெற்று வருகின்றனர். எனினும் பொறியியல் கல்வியிலும், ஆய்வுப் பணிகளிலும், எந்திரனியல் போன்ற செய்முறைத் துறைகளிலும் அவர்களது பங்கு அதே அளவில் உயரவில்லை. இந்த இடைவெளிக்குக் காரணம் கற்கும் திறனில் உள்ள வேறுபாடு அன்று. கருவியைத் தொட்டுப் பழகும் வாய்ப்பு யாருக்கு, எப்போது, எங்கே கிடைக்கின்றது என்பதே இதில் முதன்மையான காரணியாக அமைகின்றது. தமிழ்நாடு அரசின் வானவில் மன்றம் திட்டம் 2022 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த காட்டூரில், ஒரு பெண்கள் பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்வகை முயற்சிகளுக்கு அது ஓர் எடுத்துக்காட்டாகும்.

சொல் விளக்கம்

எந்திரன்களை வடிவமைத்தல், உருவாக்குதல், இயக்குதல் ஆகியவை பற்றிய துறை எந்திரனியல் எனப்படும். இத்துறை ரோபாட்டிக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லாலும் பரவலாக அறியப்படுகின்றது. ரோபோ என்னும் சொல் செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920 ஆம் ஆண்டில் எழுதிய நாடகம் ஒன்றின் வழியாக உலக வழக்குக்கு வந்தது. செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து இது பிறந்தது. பொதுமக்கள் எந்திரனை மனித உருவில் எண்ணிப் பார்ப்பதே வழக்கம். ஆயினும் தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் பயன்படும் எந்திரன்களுள் பெரும்பாலானவை மனித உருவம் அற்றவை.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஸ்டெம் என்று அழைப்பர். இச்சுருக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2000களின் தொடக்கத்திலிருந்து பரவியது. நான்கு பாடங்களையும் தனித்தனியே கற்பிக்காமல், ஒரு சிக்கலுக்குத் தீர்வு காணும்போது நான்கையும் சேர்த்துப் பயன்படுத்துவதே இக்கருத்துருவின் மையமாகும்.

வரலாற்றுப் பின்னணி

தமிழ்நாட்டில் பெண்கள் மருத்துவத்துறையில் நுழைந்து பல்லாண்டுகள் கடந்த பின்னரே பொறியியலில் நுழைய முடிந்தது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1794 ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டி பொறியியல் கல்லூரியில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1940 ஆம் ஆண்டையொட்டியே ஆகும்.

அவ்வாறு சேர்ந்தவர்களுள் ஒருவர் அ. லலிதா (1919–1979). பதினைந்து வயதில் திருமணமாகி, பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தவர். அவருடைய தந்தையார் அக்கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியராக இருந்தார். லலிதா மின்பொறியியலில் பட்டம் பெற்று இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரானார். அவர் சேர்ந்த சிறிது காலத்தில் லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா ஆகிய இருவரும் அங்கு கட்டடப் பொறியியல் பயிலச் சேர்ந்தனர். கல்லூரி வழங்கிய அச்சிட்ட சான்றிதழில் ஆண்பாற் சொல்லே இருந்தமையால், அதனை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுத வேண்டியிருந்தது. பின்னாளில் லலிதா பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்செலுத்தப் பாதை வடிவமைப்பில் பங்கேற்றார். 1964 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாட்டிலும் கலந்துகொண்டார். திரேசியா கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

விண்வெளித்துறையில் தமிழ்நாட்டுப் பெண்களின் பங்கு 2010களில் பரவலாக அறியப்பட்டது. 2012 ஏப்ரல் 26 அன்று ஏவப்பட்ட ரிசாட்-1 கதிரலைக்கும்பாப் படிமச் செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக அரியலூரைச் சேர்ந்த ந. வளர்மதி பணியாற்றினார். அவர் பிறந்த காலத்தில் அரியலூர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. தமிழ்நாடு அரசின் அப்துல் கலாம் விருது 2015 ஆம் ஆண்டில் முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. 2019 இல் ஏவப்பட்ட சந்திரயான்-2 திட்டத்துக்கு மு. வனிதாவும், 2023 இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்துக்குச் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் சாஜியும் திட்ட இயக்குநர்களாக இருந்தனர்.

காட்டூரும் அதன் சூழலும்

காட்டூர், திருச்சிராப்பள்ளி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் இடையே அமைந்துள்ள பகுதியாகும். பாப்பாக்குறிச்சி என்னும் ஊர்ப்பெயரோடு சேர்த்துப் பாப்பாக்குறிச்சி காட்டூர் என்றும் வழங்கப்படும்.

இப்பகுதி பொறியியல் தொழில்களால் சூழப்பட்டது. மேற்கே பொன்மலைத் தொடருந்துப் பணிமனை உள்ளது. கிழக்கே திருவெறும்பூரை அடுத்து, 1960களில் உற்பத்தியைத் தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை உள்ளது. அதனைச் சார்ந்து பற்றவைப்பு, உலோக வடிவமைப்பு முதலிய வேலைகளைச் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பல தோன்றின. துப்பாக்கித் தொழிற்சாலையும் இவ்வட்டாரத்திலேயே உள்ளது. மேலும் கிழக்கே துவாக்குடியில், 1964 ஆம் ஆண்டில் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு 2003 இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக மாற்றப்பட்ட கல்வி நிறுவனம் அமைந்துள்ளது. நகரின் மற்றொரு புறம் வானூர்தி நிலையத்துக்கு அருகில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் உள்ளது.

பெண்கள் கல்வியிலும் திருச்சிராப்பள்ளிக்கு நீண்ட வரலாறு உண்டு. திருச்சிலுவைக் கல்லூரி 1923 ஆம் ஆண்டிலும், சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி 1951 ஆம் ஆண்டிலும் தோன்றின. இவற்றின் வழியாகப் பல தலைமுறைப் பெண்கள் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய பாடங்களில் பட்டம் பெற்றனர். ஆனால் இதே வட்டாரத்தின் தொழிற்கூடங்களில் கடைசல் எந்திரத்தின் முன்னும் பற்றவைப்புக் கருவியோடும் நின்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆண்களே. அறிவியல் படிப்புக்கும் கருவிக் கையாளுகைக்கும் இடையிலான இவ்விடைவெளி பள்ளிப் பருவத்திலேயே தொடங்குகின்றது.

காட்டூரில் உள்ள அரசு ஆதிதிராவிடர் நலப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி, தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் பள்ளிகளுள் ஒன்று. பொதுப் பள்ளிகளில் இடம் மறுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளுக்காகச் சென்னை மாகாணத்தில் 1920களில் தொழிலாளர் துறையின் கீழ் தனிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அம்மரபில் வந்தவையாகும். சாதி, பால், வருவாய் ஆகிய மூன்று வகைத் தடைகளையும் ஒருங்கே எதிர்கொள்ளும் மாணவியர் இத்தகைய பள்ளிகளில் பயில்கின்றனர்.

வானவில் மன்றம்

2022 நவம்பர் 28 அன்று அப்போதைய தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், காட்டூர் பள்ளியில் வானவில் மன்றம் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இது அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவ மாணவியருக்கான நடமாடும் அறிவியல், கணித ஆய்வகத் திட்டமாகும். "எங்கும் அறிவியல், யாவும் கணிதம்" என்பது இதன் முழக்கமாகும்.

தொடக்கத்தில் 25 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 13,210 அரசுப் பள்ளிகளை உள்ளடக்கியதாக இத்திட்டம் அறிவிக்கப்பட்டது. 710 கருத்தாளர்கள் ஆய்வுக்கருவிகளை இரு சக்கர வண்டிகளில் எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகச் செல்லும் முறை வகுக்கப்பட்டது. இதன்படி ஒரு கருத்தாளருக்குச் சராசரியாக 18 அல்லது 19 பள்ளிகள் அமைகின்றன. கருத்தாளர்கள் ஆசிரியர்களுடன் இணைந்து எளிய பொருள்களைக் கொண்டு சோதனைகளைச் செய்து காட்டுவதும், மாணவர்களைச் செய்ய வைப்பதும் திட்டத்தின் நோக்கமாகும்.

இத்திட்டம் மாணவியருக்கு மட்டும் உரியதன்று, இருபாலாருக்கும் பொதுவானது. ஆயினும் இதன் அமைப்பு மாணவியரின் பங்கேற்புக்குப் பெரிதும் துணை செய்கின்றது. முதலாவதாக, சோதனைகள் பள்ளி நேரத்துக்குள், வகுப்பறையிலேயே நடைபெறுகின்றன. மாலையிலோ விடுமுறையிலோ வேறிடம் செல்ல வேண்டியதில்லை. இரண்டாவதாக, கட்டணம் இல்லை. மூன்றாவதாக, விருப்பமுள்ளோர் பெயர் கொடுத்துச் சேரும் குழுவாக அன்றி, வகுப்பு முழுவதற்கும் உரியதாக இது அமைந்துள்ளது. வீட்டில் இசைவு கேட்டுப் பெற வேண்டிய தேவையும், "இது ஆண்பிள்ளைகளுக்கானது" என்று தாமே ஒதுங்கிக் கொள்ளும் வாய்ப்பும் இதனால் நீங்குகின்றன.

கருவிகளைக் கற்போரிடம் கொண்டு செல்லும் முறை புதியதன்று. 1980 இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மலிவான பொருள்களைக் கொண்டு அறிவியல் கற்பிக்கும் முறையை ஊர்தோறும் பரப்பியது. 1999 இல் தொடங்கப்பட்ட அகத்தியா பன்னாட்டு அறக்கட்டளை, குப்பத்தை மையமாகக் கொண்டு நடமாடும் ஆய்வக ஊர்திகளையும், இரு சக்கர வண்டி ஆய்வகங்களையும் இயக்கி வருகின்றது. திருச்சிராப்பள்ளியின் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரக்கணக்கான பெண்கள் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். ஒரு கருவியைக் கையாளக் கற்பது பெண்களின் நடமாட்டத்தையும் தன்னம்பிக்கையையும் எவ்வாறு மாற்றும் என்பதற்கு அது சான்றாகக் காட்டப்படுகின்றது.

பள்ளி எந்திரனியலின் அடிப்படை

பள்ளிகளில் உருவாக்கப்படும் எந்திரனில் பொதுவாக மூன்று பகுதிகள் இருக்கும். சுற்றுப்புறத்தை உணரும் உணரிகள், கிடைத்த தகவலைக் கொண்டு முடிவெடுக்கும் நுண்கட்டுப்படுத்தி, அம்முடிவைச் செயற்படுத்தும் மின்னோடிகள் ஆகியன அவை. ஆர்டுயினோ போன்ற மலிவான நுண்கட்டுப்படுத்திப் பலகைகள் 2005 ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்துக்கு வந்த பின், இத்துறை பள்ளி மாணவர்களுக்கு எட்டக்கூடியதாயிற்று.

தொடக்க நிலையில் பெரும்பாலும் கோட்டைப் பின்தொடரும் வண்டி கற்பிக்கப்படுகின்றது. வெண்ணிறத் தரையில் வரையப்பட்ட கருங்கோட்டின் மேல் வண்டி செல்ல வேண்டும். வண்டியின் அடியில் கோட்டின் இருபுறமும் அகச்சிவப்புக் கதிர்களை உமிழ்ந்து உணரும் இரு உணரிகள் பொருத்தப்படும். வெண்தரை கதிரைத் திருப்பி அனுப்பும். கருங்கோடு பெருமளவு உட்கவர்ந்து கொள்ளும். இடப்புற உணரியின் கீழ்க் கோடு வந்துவிட்டால், வண்டி வலப்புறம் விலகிவிட்டது என்று பொருள். உடனே கட்டுப்படுத்தி இடச்சக்கரத்தின் வேகத்தைக் குறைக்கும். வண்டி இடப்புறம் திரும்பிக் கோட்டுக்கு வரும். இந்த ஒரு வண்டியில் ஒளியின் எதிரொளிப்பு, மின்சுற்று, நிரலாக்கம், வேக விகிதம் ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன.

இத்தகைய வண்டி முதன்முறையிலேயே சரியாக ஓடுவது அரிது. உணரியின் உயரம், அறையின் வெளிச்சம், மின்கலத்தின் வலு என ஏதேனும் ஒன்று குறுக்கிடும். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி மீண்டும் ஓட்டிப் பார்ப்பதே எந்திரனியல் கற்றலின் பெரும்பகுதியாகும். எழுத்துத் தேர்வில் தவறு மதிப்பெண்ணைக் குறைக்கும். இங்கோ தவறு அடுத்த படிக்கு வழிகாட்டும். தவறின்றி எழுதிப் பாராட்டுப் பெற்றுப் பழகிய மாணவியருக்கு இம்முறை தொடக்கத்தில் தயக்கம் தரக்கூடும் என்பதால், தவறுவதற்கு இடமளிக்கும் சூழல் முதன்மையாகக் கருதப்படுகின்றது.

அடல் ஆய்வகங்கள்

இந்திய அரசின் அடல் புத்தாக்க இயக்கம் 2016 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காகத் தெரிவு செய்யப்பட்ட பள்ளிகளில் முப்பரிமாண அச்சுப்பொறி, நுண்கட்டுப்படுத்திகள், உணரிகள், கைக்கருவிகள் முதலியவற்றைக் கொண்ட செய்முறை ஆய்வகங்களை இவ்வியக்கம் அமைக்கின்றது. பள்ளியொன்றுக்கு ஆய்வகத்தை அமைக்க 10 இலட்சம் ரூபாயும், ஐந்தாண்டுகள் வரை நடத்த 10 இலட்சம் ரூபாயும் என 20 இலட்சம் ரூபாய் வரை வழங்கப்பட்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ 10,000 பள்ளிகளில் இவை அமைக்கப்பட்டன. மேலும் 50,000 ஆய்வகங்கள் ஐந்தாண்டுகளில் அமைக்கப்படும் என 2025 ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

வானவில் மன்றத்தோடு ஒப்பிடுகையில் இவ்விரண்டின் அணுகுமுறையும் வேறுபட்டவை என்பது தெளிவாகும். வானவில் மன்றத்தின் தொடக்க மதிப்பீட்டைப் பள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், பள்ளியொன்றுக்கு ஏறத்தாழ 19,000 ரூபாய் வரும். அடல் ஆய்வகத்துக்கான தொகை இதனைப்போல் ஏறத்தாழ நூறு மடங்காகும். முன்னது பல பள்ளிகளுக்குச் சிறிதளவு சென்று சேர்கின்றது. பின்னது சில பள்ளிகளுக்கு ஆழமான வசதியைத் தருகின்றது. எந்திரன் ஒன்றை முழுமையாக உருவாக்க நிலையான ஆய்வகமும் பல வாரப் பயிற்சியும் தேவை. ஆனால் அத்தகைய ஆய்வகத்துக்குள் தயக்கமின்றி நுழைவதற்கான பழக்கத்தை, எளிய சோதனைகளே முன்னதாக ஏற்படுத்துகின்றன.

ஆசாதிசாட்

இந்திய மாணவியர் கூட்டாக ஈடுபட்ட பெரிய செய்முறைத் திட்டங்களுள் ஆசாதிசாட் செயற்கைக்கோள் குறிப்பிடத்தக்கது. இந்திய விடுதலையின் 75 ஆம் ஆண்டை முன்னிட்டு, சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்னும் அமைப்பு இதனை ஒருங்கிணைத்தது. நாடு முழுவதிலும் 75 அரசுப் பள்ளிகளிலிருந்து, பள்ளிக்குப் பத்துப் பேராக 750 மாணவியர் இதில் பங்கேற்றனர். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவியரும் அவர்களுள் அடங்குவர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள 75 சிறு கருவித் தொகுதிகள், 8 கிலோகிராம் எடையுள்ள செயற்கைக்கோளில் பொருத்தப்பட்டன.

2022 ஆகத்து 7 அன்று சிறிய செயற்கைக்கோள் ஏவுகலத்தின் முதற் பறப்பில், மாணவியர் பலர் நேரில் காண, சிறீஅரிக்கோட்டாவிலிருந்து இது ஏவப்பட்டது. 356 கிலோமீட்டர் உயர வட்டச் சுற்றுப்பாதைக்கு மாறாக, 356 × 76 கிலோமீட்டர் நீள்வட்டப் பாதையிலேயே ஏவுகலம் அதனை விட்டது. அப்பாதையின் தாழ்ந்த பகுதி வளிமண்டலத்துக்குள் இருந்ததால் செயற்கைக்கோள் நிலைக்கவில்லை. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வால் முடுக்கமானி உணரிகளின் அளவீடுகள் எல்லை மீறின. உணரிகள் பழுதுபட்டதாகக் கணினி தவறாக முடிவெடுத்ததே தோல்விக்குக் காரணம் என இந்திய விண்வெளி ஆய்வு மையம் விளக்கியது. வகுப்பறையில் கோட்டைப் பின்தொடரும் வண்டியை வழிதவறச் செய்வதும் பெரும்பாலும் இத்தகைய உணரிப் பிழையே ஆகும்.

திட்டம் அத்துடன் கைவிடப்படவில்லை. மாணவியரின் பங்களிப்புடன் மீண்டும் உருவாக்கப்பட்ட ஆசாதிசாட்-2, 2023 பெப்ரவரி 10 அன்று ஏவுகலத்தின் இரண்டாம் பறப்பில் 450 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதையில் வெற்றிகரமாக நிலைநிறுத்தப்பட்டது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 இல் அறிவித்த அறிவியலில் பெண்கள், சிறுமியருக்கான பன்னாட்டு நாளான பெப்ரவரி 11 க்கு முந்திய நாள் அதுவாகும்.

போட்டிகளும் பன்னாட்டு நிகழ்வுகளும்

அமெரிக்கப் பொறியாளர் டீன் கேமன் 1989 இல் நிறுவிய ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பு, லெகோ நிறுவனத்துடன் இணைந்து 1990களின் இறுதியிலிருந்து சிறுவர்களுக்கான எந்திரன் போட்டிகளை நடத்தி வருகின்றது. 2004 இல் சிங்கப்பூரில் தொடங்கிய உலக எந்திரன் ஒலிம்பியாடும் பல நாட்டு மாணவர்களை ஈர்க்கின்றது. இந்தியாவில் இப்போட்டிகளுக்கான பயிற்சி பெரும்பாலும் நகர்ப்புறக் கட்டணப் பள்ளிகளையும் தனியார் பயிற்சி மையங்களையும் சார்ந்துள்ளது.

2017 இல் வாசிங்டனில் நடைபெற்ற ஃபர்ஸ்ட் குளோபல் போட்டியில் ஆப்கானித்தானத்தின் எராத் நகர மாணவியர் குழு உலகின் கவனத்தைப் பெற்றது. இருமுறை நுழைவிசைவு மறுக்கப்பட்ட பின்னர் அமெரிக்கா செல்ல இசைவு பெற்ற அக்குழு, துணிவான சாதனைக்கான வெள்ளிப் பதக்கத்தை வென்றது. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது, பழைய சீருந்து உதிரிப் பாகங்களைப் பயன்படுத்தி மலிவான செயற்கைச் சுவாசக் கருவியை வடிவமைக்க அக்குழுவினர் முயன்றனர். 2021 இல் தாலிபான்கள் ஆட்சியைக் கைப்பற்றிய பின் குழுவினர் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். அங்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் பயில்வது தடைசெய்யப்பட்டது. பள்ளிக் கதவு மூடப்பட்டால் திறமை மட்டும் போதாது என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது.

பெண்களுக்கெனத் தனிப் போட்டிகள் தேவையா என்பது விவாதத்துக்குரியது. கணிதத்தில் 2012 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்சில் தொடங்கிய ஐரோப்பிய மகளிர் கணித ஒலிம்பியாடு இதற்கு ஒரு முன்மாதிரியாகும். இந்தியாவும் இதில் பங்கேற்று வருகின்றது. தனிப் போட்டிகள் தயக்கத்தைப் போக்கும் என்பது ஒரு சாராரின் கருத்து. அவை மாணவியரைப் பொதுப் போட்டிகளிலிருந்து விலக்கிவிடும் என்பது மறுசாராரின் கருத்து.

புள்ளிவிவரங்கள்

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் 2024 ஆம் ஆண்டு மாணவியரின் தேர்ச்சி 96.44 விழுக்காடாகவும், மாணவர்களின் தேர்ச்சி 92.37 விழுக்காடாகவும் இருந்தன. 2025 ஆம் ஆண்டில் இவை முறையே 96.70, 93.16 விழுக்காடுகளாகும்.

அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வின் 2020–21 ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இளம் அறிவியல் பட்டப்படிப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். பொறியியல் பட்டப்படிப்பிலோ பத்தில் ஏறத்தாழ மூவரே பெண்கள். அறிவியலைப் படிக்கும் விருப்பம் பெண்களிடம் குறைவில்லை என்பதும், கருவிகளோடு தொடர்புடைய படிப்பு வரும்போதே எண்ணிக்கை சரிகின்றது என்பதும் இதிலிருந்து புலனாகும்.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் இளநிலைப் படிப்புகளில் 2016 ஆம் ஆண்டில் பெண்களின் பங்கு ஏறத்தாழ 8 விழுக்காடாகவே இருந்தது. 2018 முதல் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டு, அப்பங்கு 2020 இல் 20 விழுக்காட்டை எட்டும்படி உயர்த்தப்பட்டது. யுனெசுக்கோவின் 2021 ஆம் ஆண்டு அறிவியல் அறிக்கையின்படி உலக ஆய்வாளர்களுள் மூன்றில் ஒரு பங்கினரே பெண்கள்.

தடைகள்

மாணவியரின் பங்கேற்பைக் குறைக்கும் காரணிகளுள் பின்வருவன முதன்மையானவை:

நேரம்: எந்திரனியல் பயிற்சிகள் பெரும்பாலும் மாலையிலும் விடுமுறை நாள்களிலும் நடைபெறுகின்றன. வீட்டு வேலைகளும், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடும் மாணவியரையே கூடுதலாகப் பாதிக்கின்றன.

தொலைவு: பயிற்சி மையங்கள் நகரில் உள்ளன. தமிழ்நாட்டில் 2001–02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டம், பள்ளிக்கான தொலைவை ஓரளவு குறைத்தது.

செலவு: கருவித் தொகுதிகளின் விலையும் போட்டிக் கட்டணமும் எளிய குடும்பங்களுக்கு எட்டாதவை. ஒரு பிள்ளைக்கு மட்டுமே செலவிட இயலும் குடும்பங்களில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கிடைப்பதுண்டு.

குழுவில் பங்கு: கலப்புக் குழுக்களில் திருகாணி முடுக்குதல், கம்பி இணைத்தல், நிரல் எழுதுதல் ஆகியவற்றை மாணவர்களும், ஏடு எழுதுதல், படம் வரைதல், நடுவர்முன் விளக்கிப் பேசுதல் ஆகியவற்றை மாணவியரும் செய்யும் போக்கு காணப்படுகின்றது. பெயர்ப் பட்டியலில் எண்ணிக்கை சமமாக இருந்தாலும் கற்றல் சமமாக இராது. சில வாரங்களுக்கு ஒருமுறை பொறுப்புகளை மாற்றி வழங்குவது இதற்கு எளிய தீர்வாகும்.

பாடத்திட்டம்: ஒன்பதாம் வகுப்புக்குப் பின் பொதுத் தேர்வுக்கான ஆயத்தம் முதலிடம் பெறுவதால், செய்முறை நேரம் சுருங்குகின்றது.

உயர்கல்விக்கான தொடர்ச்சி

பள்ளியில் ஏற்படும் ஆர்வம் உயர்கல்வியில் தொடர்வதற்குத் தமிழ்நாட்டில் சில திட்டங்கள் துணை செய்தன. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021 இல் சட்டமாயிற்று. 1989 இல் தொடங்கப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவித் திட்டம், 2022 இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. புதுமைப் பெண் எனப்பட்ட இத்திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியில் சேர்ந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க வகை செய்யப்பட்டது. திருமணத்துக்கு வழங்கப்பட்ட உதவி படிப்புக்கு உரியதாக மாறியமை இதன் சிறப்பாகும்.

2024 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டப் பச்சைமலைப் பகுதியின் அரசுப் பழங்குடியினர் பள்ளி மாணவியொருவர், கூட்டு நுழைவுத் தேர்வில் தேர்ச்சி பெற்றுத் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப் பொறியியல் படிப்பில் இடம் பெற்றார். அக்கழகம் தொடங்கப்பட்டு அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

விமர்சனங்கள்

வானவில் மன்றம் போன்ற திட்டங்களின் மீது சில விமர்சனங்கள் எழக்கூடும். கருத்தாளர் ஒருவர் பல பள்ளிகளுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், ஒரு பள்ளிக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. வகுப்பில் மாணவர் எண்ணிக்கை மிகுந்தால், செய்து பார்த்தல் என்பது செய்து காட்டுதலாகச் சுருங்கிவிடும். அந்நிலையில் முன்வரிசையில் இருப்போரும் துணிந்து கை நீட்டுவோரும் மட்டுமே கருவியைத் தொடுவர். எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் பயிற்சி, பாடப்பிரிவைத் தெரிவு செய்யும் பதினோராம் வகுப்பு வரை தாக்கம் செலுத்துமா என்பதும் கேள்விக்குரியது.

இத்திட்டங்களை மதிப்பிடும்போது பயனடைந்த பள்ளிகளின் எண்ணிக்கையையோ, பங்கேற்ற மாணவியரின் எண்ணிக்கையையோ மட்டும் கணக்கிடுவது போதுமானதன்று. எத்தனை மாணவியர் தம் கையால் மின்சுற்றை இணைத்தனர், பிழை நேர்ந்தபோது எத்தனை பேர் தாமே அதனைக் கண்டறிந்து திருத்தினர் என்பவையே உண்மையான அளவுகோல்களாக அமையும்.